முப்பது வயதுக்குப் பிறகு வந்த றால் ஒவ்வாமை

கல்லடியில் எங்கள் வீட்டில் வாவி றால் அடிக்கடி சட்டியில் ஏறும். முப்பது வயது தாண்டிய பிறகு ஒரு நாள், பகல் சாப்பாடு முடிந்த கையோடு எனக்கு உதடு கடித்தது, கழுத்தெல்லாம் திட்டுத்திட்டாகத் தடித்தது, மூச்சு இழுக்கத் தொடங்கியது. தம்பி ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள், கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இளகியது. ஆனாலும் உடனே வீட்டுக்கு விடவில்லை. சில மணி நேரம் கழித்து எல்லாம் திரும்பவும் வரக்கூடுமாம்.

"சின்னனிலயிருந்து திண்ட சாமான்தானே மகன், இப்ப மட்டும் என்ன?" என்று அம்மா கேட்டதை அப்படியே கிளினிக்கில் கேட்டேன். றாலில் ட்ரோபோமயோசின் என்றொரு புரதம் இருக்கிறது. எப்போதோ ஒரு கட்டத்தில் நோயெதிர்ப்புத் தொகுதி அதை எதிரியென்று எடுத்துக்கொண்டு, அதற்கென்றே ஐஜிஈ என்ற பிறபொருளெதிரியை உண்டாக்கிவிடுகிறது. அது தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் கலங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு றால் உள்ளே போனதும் அந்தக் கலங்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். தோல் தடிக்கும், மூச்சுக்குழாய் சுருங்கும். பெரியவர்களான பிறகு றால், நண்டு ஒத்துக்கொள்ளாமல் போவது சாதாரணம் என்றார் டொக்டர்.

உறுதிப்படுத்தத் தோல் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போகச் சொன்னார். அதற்குச் சில நாட்கள் முன்பே பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசையை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தடிப்பு எழும்பாது. முன்கையில் பேனையால் இலக்கம் போட்டு, பக்கத்தில் ஒவ்வொரு துளி விட்டு, துளிக்கு மேலால் மெல்லிய ஒரு குத்து. இரத்தம் வராது. ஒரு துளி ஹிஸ்டமின், ஒரு துளி வெறும் உப்புநீர்; ஒப்பிட்டுப் பார்க்க. பிறகு கால் மணி நேரம் சொறியாமல் இருக்க வேண்டும், அதுதான் பெரும் பாடு. றால் துளி விட்ட இடம் நடுவில் வெளிறி, சுற்றிவரச் சிவந்து வீங்கியது. அடிமட்டம் வைத்து அளந்தார்கள். உப்புநீர் இடத்தைவிட 3 மில்லிமீற்றராவது கூட இருந்தால்தான் கணக்கு. நண்டும் எழும்பியது, அதிலும் அதே வகைப் புரதம்தான். மீன் எழும்பவில்லை. கிரந்தி என்று அம்மா நிறுத்தியிருந்த கத்தரிக்காயையும் திரும்பச் சாப்பிடலாம் என்றார்கள்.

றாலை எவ்வளவு அவித்தாலும் அந்தப் புரதம் அழியாது, ஆவியில்கூட வரும். அதனால் இப்போது வீட்டில் றால் சமைப்பதில்லை. கடையில் கொத்து ரொட்டி வாங்கும்போது, அதே தட்டில் றால் கொத்தும் போட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன்.