விசா வரும் முன்னரே தொடங்க வேண்டிய பயணம்

மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு சிறிய மிருக வைத்திய நிலையத்தில் நான் பணிக்குச் சேர்ந்த காலத்தில், வெளிநாடு போகும் குடும்பங்கள் நாயோடு என்னிடம் வந்தால் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியாகத்தான் இருந்தது: "இவன யாரிட்ட விட்டிட்டுப் போற, டொக்டர்?" அண்மைய ஆண்டுகளில் அந்தக் கேள்வி மாறியிருக்கிறது. பிள்ளைகள் லண்டனிலும் சுவிஸிலும் கனடாவிலும் இருக்க, தாயும் நாயுமாக மட்டும் எஞ்சியிருந்த வீடுகள் இங்கே பூட்டப்படுகின்றன. போகிறவர்கள் நாயையும் கூட்டிப்போக வேண்டும் என்கிறார்கள். அந்த விருப்பத்தை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அவர்களில் பலர் என்னிடம் வருவது விசா கையில் கிடைத்த கிழமையில்தான். அப்போது நாய்க்குக் காலம் போதாமல் போய்விடுகிறது. ஏனென்றால் நாய் புறப்படக்கூடிய நாள், அதன் இரத்தம் எடுக்கப்பட்ட நாளிலிருந்துதான் எண்ணப்படுகிறது.

இலங்கை விசர்நாய்க்கடி நோய் இன்னும் ஒழியாத நாடு. இங்கிருந்து வரும் நாய்க்கு ஐரோப்பிய ஒன்றியமும் பிரித்தானியாவும் சுவிட்சர்லாந்தும் விதித்திருக்கும் ஒழுங்கு ஏறத்தாழ ஒன்றுதான். முதலில், அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் 15 இலக்க மைக்ரோசிப். அதன் பின்னர் தடுப்பூசி. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் சென்றபின் இரத்தம். அந்த இரத்தத்தின் எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையவில்லை என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடமொன்றின் அறிக்கை. பின்னர் இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. தடுப்பூசியே 12 கிழமை வயதுக்குப் பிறகுதான் செல்லுபடியாகும் என்பதால், எந்தக் குட்டியும் ஏறத்தாழ ஏழு மாதம் ஆகாமல் அந்த நாடுகளுக்குள் நுழைய முடியாது.

"இரத்தம் சரியெண்டு வந்திட்டுதே, மறுகா ஏன் மூணு மாசம்?" என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்வி. ஆய்வு முடிவு சொல்வது தடுப்பூசி வேலை செய்திருக்கிறது என்பதை மட்டுமே. ஊசி போடுவதற்கு முன்பே அந்த நாய் எங்கோ கடிபட்டிருந்தால், வைரசு நரம்பு வழியே மூளையை நோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கக்கூடும். வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் எந்த அறிகுறியும் தெரியாது. அப்படி ஒளிந்திருக்கும் நோய் வெளிப்படுவதற்கு விடப்படும் காலமே அந்த மூன்று மாதம். காரணம் விளங்கியபின் எந்தக் குடும்பமும் என்னோடு வாதாடியதில்லை.

இந்த ஒழுங்கில் "முதலில்" என்ற சொல்லின் கனத்தை நான் என் சொந்தத் தவறினால் கற்றேன். ஒரு குடும்பத்துக்கு அவசரம். கொழும்பிலிருந்து வரவேண்டிய சிப் தாமதித்தது. நாளை வீணாக்குவானேன் என்று தடுப்பூசியை முன்னதாகப் போட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து சிப்பும் பொருத்தினேன். தடுப்பூசி அட்டையில் இரண்டும் இருந்தன, ஆனால் திகதிகள் முன்பின்னாக இருந்தன. அடையாளமில்லாத நாய்க்குப் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போடப்பட்டது என்று எவராலும் உறுதிப்படுத்த முடியாது என்பதால், அந்த ஊசி கணக்கிலேயே எடுக்கப்படவில்லை. மறுபடி ஊசி, மறுபடி 30 நாள், மறுபடி மூன்று மாதம். குடும்பம் பயணப்பட்டுவிட்டது, நாய் பக்கத்து வீட்டில் நின்றது. உரிமையாளரின் பயணமும் நாயின் பயணமும் ஐந்து நாள் இடைவெளிக்குள் அமையாவிட்டால் அதை வணிக இறக்குமதியாகவே கொள்வார்கள். ஆகவே மூத்த மகன் விடுமுறை எடுத்து இங்கே திரும்பி வந்து நாயை அழைத்துப்போக வேண்டியதாயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. அன்றிலிருந்து சிப்பை வாசிக்கும் கருவியை எடுத்து, இலக்கத்தை அட்டையில் எழுதி, உரிமையாளரையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் ஊசி மருந்துப் போத்தலைத் திறக்கிறேன்.

ஊசியைப் புதுப்பிக்கும் நாளும் அவ்வாறே கண்டிப்பானது. நாள் தவறாமல் புதுப்பித்துவந்தால் ஒருமுறை எடுத்த இரத்தப் பரிசோதனை பின்னரும் செல்லும். ஒரே ஒரு நாள் பிந்தினாலும் எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆரையம்பதியிலிருந்து வந்த ஓர் அம்மாவின் நாய்தான் எனக்கு விமானத்தில் நாயை ஏற்றும் கூடு பற்றிக் கற்பித்தது. பெயர் டைகர், உடம்பு முழுவதும் வரிகள் ஓடிய, காது நிமிர்ந்த ஊர்நாய். காலமான கணவர் வீதியில் கண்டெடுத்து வளர்த்தது. மகன் லண்டனில். நல்ல வேளையாக அவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே என்னிடம் வந்துவிட்டார்கள். ஆதலால் இரத்தம் போய், முடிவு வந்து, காத்திருப்பு ஓடிக்கொண்டிருந்த மூன்று மாதமும் கூட்டுக்கென்றே எங்களுக்குக் கிடைத்தது.

கூட்டின் அளவுக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதி உண்டு. மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முழங்கை மூட்டுவரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூட்டின் நீளம். தோளின் அகலத்தை இரண்டால் பெருக்கினால் அகலம். உயரத்துக்கு, நாய் நிமிர்ந்து நிற்கையில் தலையோ காது நுனியோ எது மேலே நிற்கிறதோ அதுவரை அளந்து, விரிப்பின் தடிப்பையும் சேர்க்க வேண்டும். டைகர் 80 சென்ரிமீற்றர் நீளம், முழங்கை 28. ஆகவே கூட்டுக்கு 94. அதன் காதுகளுக்காக உயரத்தை நாங்கள் மூன்று முறை அளந்தோம், ஏனென்றால் அளவுநாடாவைக் கண்டதும் காதுகளை மடித்துக்கொள்ளும். ஊரிலேயே ஒரு தச்சு வேலைக்காரர் ஒட்டுப்பலகையில் கூட்டைச் செய்தார். அழகான வேலை, ஆனால் காற்றுத் துவாரம் முன்கதவில் மட்டும் இருந்தது, கதவுக்குத் திருப்புக்கட்டை போட்டிருந்தார். நாயின் மூக்கோ பாதமோ வெளியே வராத அளவில் நான்கு பக்கமும் துவாரமும், மூலைகளில் இரும்பு ஆணியும் நட்டும், கதவுக்கு உலோகத் தாழ்ப்பாளும் வேண்டுமென்று அவரோடு நின்று சொன்னேன். பயணத்தின் நடுவில் கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து ஊற்றக்கூடிய விதமாக, தண்ணீர்க் கிண்ணத்தைக் கதவின் உட்புறத்தில் பொருத்தினோம். கிண்ணத்துத் தண்ணீரைக் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்து வைத்தால், ஏற்றி இறக்கும்போது சிந்தாமல், பின்னர் கொஞ்சங் கொஞ்சமாக உருகி நாய்க்கு உதவும்.

"கோழிக்கூடு மாதிரிக் கிடக்கு, இன்னும் பெரிசாச் செய்வம்" என்றார் அம்மா. அன்பினால் சொன்னதுதான். ஆயினும் கூடு அளவுக்கு மீறிப் பெரிதானால், தூக்கி வைக்கும்போதும் விமானம் குலுங்கும்போதும் நாய் உள்ளே உருண்டு அடிபடும். எழுந்து நிற்கவும், ஒருமுறை சுற்றித் திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடமிருந்தால் அது போதும்.

முதல் இரண்டு கிழமை கதவைக் கழற்றிவிட்டுக் கூட்டை வீட்டு விறாந்தையில் வைத்து, சாப்பாட்டை உள்ளே மட்டும் வைக்கச் சொன்னேன். டைகர் கழுத்தை மட்டும் நீட்டித் தின்றுவிட்டுப் பின்வாங்கியது. பின்கால்கள் இரண்டும் வெளியிலேயே நின்றன. பிறகு அந்த அம்மா, யாரும் சொல்லாமலே, கணவர் உடுத்த பழைய சாரம் ஒன்றை எடுத்து உள்ளே விரித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் நான் போனபோது டைகர் முழு உடம்போடு உள்ளே சுருண்டு, சாரத்தின் ஓரத்தில் மோவாயை வைத்து உறங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னர் கதவைப் பூட்டி ஐந்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி என்று கூட்டினோம். கடைசியில் கூட்டோடு ஒரு சிறிய லொறியில் ஏற்றிக் கல்லடிப் பாலம்வரை போய்வந்தோம். ஒன்பது கிழமை எடுத்தது. அந்த ஒன்பது கிழமையைக் குறுக்க வழியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

குறுக்குவழியாகப் பலர் என்னிடம் கேட்பது தூக்கக் குளிசையை. நான் கொடுப்பதில்லை. மயக்க மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். உடல் தன் சூட்டைச் சீராக்கும் திறனைக் கெடுக்கும். கூடு சாயும்போது கால் ஊன்றி நிற்க விடாது. விமானத்தின் அடிப்பகுதியில் நாய் இருக்கும் அறைக்குப் பயணிகள் அறையைப் போலவே காற்றழுத்தம் கொடுக்கப்படுகிறது. உயிர்ப்பிராணி ஏற்றப்பட்டிருப்பது விமானிக்கு எழுத்தில் அறிவிக்கப்பட்டு, வெப்பநிலையும் அதற்கேற்ப வைக்கப்படுகிறது. ஆனால் வானில் இருக்கும் அத்தனை மணி நேரமும் யாரும் அதனருகே போய் மூச்சைப் பார்க்கப்போவதில்லை. தெளிந்த நிலையில் பழகிய கூட்டுக்குள் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

கூட்டிப்போக வேண்டாம் என்று நான் சொன்னதும் உண்டு. கல்முனையிலிருந்து ஒரு குடும்பம் ஒன்பது வயதான பக் நாயைக் கொண்டுவந்தது. மூக்குச் சப்பையான இனங்களுக்கு மூச்சுப்பாதை பிறப்பிலேயே ஒடுக்கம். நாய் வியர்த்துத் தன் சூட்டைத் தணிப்பதில்லை, மூச்சு இளைத்துத்தான் தணிக்கிறது. பயமும் வெக்கையும் சேர்ந்து அது வேகமாக இளைக்க, தொண்டைச் சதை வீங்கி அந்த ஒடுங்கிய பாதையும் அடைபடும். இதனால்தான் பல விமான நிறுவனங்கள் இவ்வினங்களை ஏற்பதேயில்லை. என் மேசையில் நின்றபோதே அது குறட்டையோடு மூச்சு வாங்கியது. அந்த வீட்டுச் சின்னப்பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இருந்தும் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இப்போது அந்த நாய் அவர்களுடைய பெரியம்மா வீட்டில் இருக்கிறது. நிறை கூடாமல் பார்க்க மாதம் ஒருமுறை என்னிடம் வருகிறது.

அவுஸ்திரேலியா போகிறவர்களின் நிலை இன்னும் கடினம். இலங்கையிலிருந்து நாயை நேரே எடுக்க அந்த நாடு இடம் தருவதில்லை. அங்கீகரித்த வேறொரு நாட்டில் 180 நாள் வைத்திருந்து, அங்கிருந்து அனுப்பி, மெல்பேர்னுக்கு அருகே உள்ள மிக்கிள்ஹாம் தனிமைப்படுத்தல் நிலையத்திலும் விட வேண்டும். எங்கள் ஊர் நாய்களில் சாதாரணமாகக் காணும் உண்ணிக்காய்ச்சலுக்கும் இரத்தம் பார்ப்பார்கள்.

டைகரை மாசியில் அனுப்புவதென்று முடிவு செய்தோம். மார்கழி, தையில் மாரி வெள்ளம் வந்தால் மன்னம்பிட்டிப் பக்கம் வீதி மறிபடும். ஆனி, ஆடியில் இங்கே கச்சான் காற்று அனலாக வீசும், விமானம் மாறும் வளைகுடா நாட்டிலோ ஓடுபாதையே கொதிக்கும். பிரித்தானியா தன் மண்ணில் இறங்குவதற்கு முந்திய 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும் என்கிறது. சுகாதாரச் சான்றிதழும் 10 நாளுக்கே செல்லும். ஆகவே கடைசிக் கிழமையை மணிக்கணக்காக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். மருந்தை என் கையாலேயே கொடுத்து நேரத்தைக் குறித்தேன். வெயில் தாழ்ந்தபின் வான் புறப்பட்டது; பொலன்னறுவை, ஹபறணை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேர ஏறத்தாழ எட்டு மணி நேரம். விமானத்தை விட இந்த வீதிப் பயணத்துக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். வழியில் இரண்டு இடத்தில் இறக்கி நடத்தவும், புறப்பாட்டுக்கு ஐந்து மணி நேரம் முந்திக் கொஞ்சமாகச் சோறு கொடுக்கவும், சாரத்தைத் தோய்த்துவிட வேண்டாமென்றும் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து மகன் தொலைபேசியில் அழைத்தார். ஹீத்ரோவில் சிப்பை வாசித்து, தாள்களைச் சரிபார்த்து, சில மணி நேரத்தில் விட்டுவிட்டார்களாம். புதிதாக மெத்தை ஒன்று வாங்கி வைத்திருந்தாராம். டைகர் அதை மோந்து பார்த்துவிட்டு, கதவு கழற்றிய கூட்டுக்குள்ளேயே திரும்பிப்போய்ப் படுத்துவிட்டதாம். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: "அந்தச் சாரத்த இன்னும் தோய்க்கல்ல எண்டு டொக்டரிட்டச் சொல்லு, மகன்."