கதவுக்கு அந்தப் பக்கம்: 'க்ரீன் ரூம்' பார்த்தவர்களும் நானும்

14 செப்டம்பர் 2024, சனி

நெட்ஃபிளிக்ஸில் போன வாரம் வந்த 'ரெபல் ரிட்ஜ்' பார்த்த கையோடு, அதே இயக்குநர் ஜெரமி சோல்னியர் முன்னாடி எடுத்த 'க்ரீன் ரூம்' படத்தை நேற்று ராத்திரி போட்டோம். 2015-ல் கான் விழாவில் திரையிட்டது, அமெரிக்கத் தியேட்டர்களுக்கு 2016 ஏப்ரலில் வந்தது, ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். நானும் தங்கையும் அத்தை மகனுமாக உட்கார்ந்தோம். பாதியில் தங்கை எழுந்து போய்விட்டாள். முடிந்த பிறகு அத்தை மகன் ஒரு மணி நேரம் என்னோடு சண்டை போட்டான். எனக்குத் தூக்கமே வரவில்லை, அதனால்தான் இதை எழுத ஆரம்பிக்கிறேன். கதையை முழுக்கச் சொல்லிவிடுவேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை சின்னதுதான். கையில் காசில்லாமல், நிற்கிற வண்டிகளிலிருந்து டியூப் போட்டு பெட்ரோல் உறிஞ்சி ஊர் ஊராகப் போகும் ஒரு பங்க் (வேகமும் கோபமுமான ராக் வகை) இசைக்குழு. ஏற்பாடு செய்த நிகழ்ச்சி கைகொடுக்காமல் போக, ஆரிகனில் போர்ட்லேண்டுக்கு வெளியே காட்டுக்குள் இருக்கும் ஒரு கிளப்பில் வாசிக்கப் போகிறார்கள். அது நியோ நாஜி ஸ்கின்ஹெட்களின், அதாவது மொட்டைத்தலை வெள்ளை இனவெறிக் கும்பலின் இடம். வாசித்து முடித்து, மறந்துபோன செல்போனை எடுக்க மேடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு (அதுதான் க்ரீன் ரூம்) திரும்பினால், அங்கே ஒரு பெண் தலையில் கத்தியோடு கிடக்கிறாள். பார்த்துவிட்டார்கள், இனி வெளியே விடமாட்டார்கள். ஒரே ஒரு கதவு. உள்ளே இவர்கள், வெளியே அவர்கள்.

15 செப்டம்பர், ஞாயிறு

அத்தை மகனின் வாதத்தை இன்றைக்கு நியாயமாக எழுதிவிடுகிறேன். அவனுக்குப் படம் பிடிக்கவே இல்லை. "மாப்ள, துப்பாக்கி இவனுங்க கைல இருக்கு. எவனாவது அதைக் கதவைத் திறந்து வெளிய நீட்டுவானா? இவ்வளவு முட்டாப்பசங்க செத்தா எனக்கு ஏன்டா பாவமா இருக்கணும்?"

அவன் சொல்லும் காட்சிதான் படத்திலேயே எல்லோரும் பேசும் காட்சி. கிளப் முதலாளி டார்சி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று நிதானமாகப் பேசுகிறான். துப்பாக்கியைக் கொடுங்கள், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்கிறான். பாஸ் கிட்டார் வாசிக்கும் பேட் (ஆன்டன் யெல்சின்) கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையை நீட்டுகிறான். கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாம் இந்தப் பக்கம்தான் இருக்கிறோம், அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது, அவன் முகமும் கத்தலும் மட்டும்தான். உள்ளே இழுத்த பிறகு கேமரா ஒரு நொடி, ஒரே நொடி, அந்தக் கையைக் காட்டுகிறது. மணிக்கட்டுப் பக்கம் வெட்டு வெட்டாகப் பிளந்து கை தொங்குகிறது. இங்கேதான் தங்கை எழுந்து போனாள்.

சரி, முட்டாள்தனமா? நான் அப்படி நினைக்கவில்லை. பிணத்தைப் பார்த்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. அவர்கள் வாழ்க்கையில் இதுவரை மேனேஜர், போலீஸ், வீட்டுக்காரர் என்று எந்தப் பெரிய மனுஷன் நிதானமாகப் பேசினாலும் கடைசியில் அது பேச்சோடுதான் முடிந்திருக்கும். இருபது வயசுப் பையன் ஒருவன் அந்த நேரத்தில் "பேசினால் தீரும்" என்று நம்புவதுதான் இயல்பு. சோஃபாவில் சாய்ந்துகொண்டு, இது த்ரில்லர் என்று தெரிந்து பார்க்கும் நமக்கு யாரையும் நம்பக்கூடாது என்று தெரியும். அவனுக்கு அது த்ரில்லர் இல்லையே. நாற்பது பேரை ஒருவன் அடித்துப் போடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம், அதனால் பயந்த மனிதன் பயந்த மாதிரி நடந்துகொண்டால் நமக்குக் கோபம் வருகிறது. இந்தப் படத்தில் அடிக்கத் தெரிந்தவன் எவனும் இல்லை, எதிராளிகள் பாதிப் பேருக்கே தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு அடியும் வலிக்கிறது.

இதைச் சொன்னேன். "அப்ப ரெபல் ரிட்ஜ்?" என்றான். அதில் நாயகன் ராணுவப் பயிற்சியாளன், யாரையும் கொல்லாமல் எப்படி மடக்குவது என்று தெரிந்தவன், அதனால் அங்கே ரத்தமே குறைவு. இங்கே தெரியாதவர்கள் கையில் பாக்ஸ் கட்டர் (அட்டைப்பெட்டி அறுக்கும் பிளேடு) இருக்கிறது. ஒரே இயக்குநர் இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறார், எனக்கு அதுதான் பெரிய விஷயம். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

17 செப்டம்பர், செவ்வாய்

எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அண்ணன் ஒருவர் சனி, ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று இருபது வருஷம் வேனில் சுற்றியவர். படத்தை நேற்று பார்த்துவிட்டு, இன்று சாப்பாட்டு வேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, கொலை எல்லாம் இருக்கட்டும். அதுக்கு முன்னாடி வர்ற அரை மணி நேரம் இருக்கு பாருங்க, அதை எடுத்தவன் கண்டிப்பா குழுவுல இருந்தவன்."

அவர் கணிப்பு சரிதான். சோல்னியர் சின்ன வயதில் வாஷிங்டன் டி.சி. பக்கத்து பங்க், அதைவிட வேகமான ஹார்ட்கோர் இசைக் கூட்டத்தில் வளர்ந்தவர். அந்த அண்ணன் கவனித்தது நான் கவனிக்காதது: வாசித்து முடித்ததும் சந்தோஷமோ கோபமோ இல்லாமல் வயரைச் சுருட்டுகிறார்கள், அடுத்த குழுவுக்கு மேடையை விட்டுக்கொடுக்கும் அவசரம், காசு கைக்கு வந்ததா என்று ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பது. அப்புறம் பகையான கூட்டத்துக்கு முன்னால் நின்று வாசிப்பது. டெட் கென்னடிஸ் குழு 1981-ல் வெளியிட்ட, நாஜிகளைப் போகச் சொல்லித் திட்டும் பாட்டை, நாஜிகளின் மேடையிலேயே நின்று இவர்கள் பாடுகிறார்கள். யாரோ எறிந்த பாட்டில் பறந்து வருகிறது. அதற்கடுத்த பாடலில் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடுவதை மெதுவாகக் காட்டுவார்கள். அந்த ஒரு நிமிஷம் மேடையில் நிற்பவனுக்கு மட்டும்தான் தெரியும் என்றார். "அந்த நேரத்துல கீழ நிக்கிறவன் யாரு, எந்தக் கட்சி, எதுவும் தெரியாது தம்பி. ஆடுறானா, அவ்வளவுதான்."

இவர்களைக் கடிக்க ஏவிவிட்ட நாய், மைக் ஃபீட்பேக்கின் கீச்சென்ற சத்தம் கேட்டு மிரளும் இடத்தில் அவர் கைதட்டியிருக்கிறார். மேடை ஏறினால் யார் காதையும் கிழித்துவிடக் கூடாது என்று பயப்படும் அதே சத்தம் அங்கே உயிரைக் காப்பாற்றுகிறது.

வன்முறை பற்றிக் கேட்டேன். திருவிழாக் கூட்டத்தில் அரிவாள் வெட்டு ஒன்றை நேரில் பார்த்திருக்கிறாராம். "இப்படித்தான் இருந்துச்சு. மியூசிக் எதுவும் இல்ல. சட்டுனு முடிஞ்சிருச்சு. அப்புறம் எல்லாரும் சும்மா நின்னுக்கிட்டு இருந்தோம்." அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

18 செப்டம்பர், புதன்

படம் பார்த்த மற்றவர்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரொம்பப் பேர் சொல்வது: யார் யார் என்றே தெரியவில்லை, ஒருத்தன் சாகும்போதுதான் பெயர் தெரிகிறது. இதை நான் மறுக்கமாட்டேன். ட்ரம்ஸ் வாசிக்கும் ரீஸும் பாட்டுப் பாடும் டைகரும் எனக்கே முதலில் குழம்பினார்கள். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம், எல்லோரும் மொட்டை, எல்லோருக்கும் ஒரே பூட்ஸ். சிவப்பு லேஸ் கட்டியவர்கள் ரத்தம் பார்த்தவர்கள் என்ற விஷயம் போகிற போக்கில் வந்து போகிறது, சப்டைட்டிலைத் தவறவிட்டால் போச்சு. இது குறைதான். சப்டைட்டில் போட்டுப் பாருங்கள்.

20 செப்டம்பர், வெள்ளி

"வில்லன் சப்பை." இதைச் சொன்னவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

டார்சியாக நடித்தவர் பேட்ரிக் ஸ்டூவர்ட். ஸ்டார் ட்ரெக் கேப்டன், எக்ஸ்-மென் பேராசிரியர் என்று கோடிப் பேர் மதிக்கும் அந்தக் குரலை வைத்து இதில் அவர் கத்துவதே இல்லை. வந்ததும் நிகழ்ச்சி முடிந்தது என்று கூட்டத்தை மரியாதையாக அனுப்பி வைக்கிறான். அதற்கு முன்னாடியே, போன் வந்து தேடி வரும் போலீஸுக்குக் காட்டுவதற்கு, இரண்டு பசங்களுக்குக் காசு கொடுத்து ஒருத்தனை ஒருத்தன் குத்தவைத்து "இதுதான் சம்பவம்" என்று முடித்துவிடுகிறார்கள். அப்புறம் டார்சி கணக்குப் போடுகிறான்: இவர்கள் அத்துமீறி நிலத்துக்குள் வந்தார்கள், நாய்கள் கடித்துச் செத்தார்கள் என்று இருக்க வேண்டும், அதனால் இவர்கள் உடம்பில் குண்டு இருக்கக் கூடாது, நாய்களைக் கொண்டு வா. மனித உயிர் அவனுக்கு ஒரு பராமரிப்பு வேலை. வெறிபிடித்த ஒருவனிடம் கெஞ்சிப் பார்க்கலாம், இவனிடம் கெஞ்ச இடமே இல்லை. திரைக்கதையைத் தன் வீட்டில் உட்கார்ந்து படித்தபோது, பாதியிலேயே எழுந்து கதவுகளைப் பூட்டிவிட்டு வந்ததாக ஸ்டூவர்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கத்தாத வில்லன்தான் அவரை அப்படிச் செய்ய வைத்திருப்பான் என்பது என் ஊகம்.

இன்னொருவர், "இதெல்லாம் கற்பனை, அமெரிக்காவில் இப்படியெல்லாம் கிடையாது" என்றார். போர்ட்லேண்டில் 1988 நவம்பரில் முலுகெட்டா செராவ் என்ற எத்தியோப்பிய இளைஞரை ஸ்கின்ஹெட்கள் பேஸ்பால் மட்டையால் அடித்தே கொன்றார்கள். அவர்களைத் தூண்டிய வெள்ளை இனவாத அமைப்பின் தலைவன் டாம் மெட்ஸ்கர் மீது அவர் குடும்பம் தொடுத்த வழக்கில், 1990-ல் ஒரு கோடியே 25 லட்சம் டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது. அதற்கும் முன்னால், 1859-ல் ஆரிகன் மாநிலமானபோதே கறுப்பர்கள் அங்கே வந்து குடியேறக்கூடாது என்று அரசியல் சட்டத்தில் எழுதிவைத்திருந்தார்கள். சோல்னியர் அந்த ஊரை வெறும் காட்டுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். ஸ்கின்ஹெட் எல்லோரும் இனவாதி என்பதும் தப்பு. 1960-களின் கடைசியில் இங்கிலாந்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், ஜமைக்கா இசையைக் கேட்டு வளர்த்த பழக்கம் அது. இனவாதிகள் பின்னால் வந்து புகுந்தார்கள்.

22 செப்டம்பர், ஞாயிறு

நேற்று இன்னொரு முறை, தனியாகப் பார்த்தேன். தங்கை, "அதையே ஏன்ணா திரும்பத் திரும்பப் பாக்குற?" என்று கேட்டாள். அவளைப் பார்க்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. ரத்தம் பார்க்க முடியாதவர்களிடம் "கலை" என்று பேசி உட்காரவைப்பது அராஜகம்.

இந்த முறை நான் கவனித்தது பெயின்ட்பால் (சாயக் குண்டுத் துப்பாக்கியால் சுட்டு விளையாடுவது) கதை. பேட் ஒரு பழைய விளையாட்டுக் கதையை ஆரம்பிப்பான், பாதியில் நின்றுபோகும். கடைசியில், செத்த பெண்ணின் தோழியாக இவர்களோடு அறைக்குள் மாட்டிக்கொண்ட ஆம்பரும் (இமோஜென் பூட்ஸ்) அவனும் மட்டும் மிஞ்சியபோது சொல்லி முடிப்பான்: ராணுவத்தில் இருந்தவர்களோடு மோதி எல்லோரும் தோற்க, ஒருவன் மட்டும் திட்டம் எதுவும் இல்லாமல் கண்டபடி இறங்கி விளையாடி ஜெயித்தானாம். உடனே இருவரும் வெளியே இறங்குகிறார்கள். அத்தை மகனுக்குப் பிடித்த ஒரே கட்டம் இதுதான், "இப்பத்தான்டா படம் ஆரம்பிக்குது" என்றான். எனக்கு அப்படி இல்லை. கட்டின கையில் ரத்தம் ஊறிக்கொண்டே இருக்கிறது, சுற்றியிருப்பது சாதாரண சாம்பல் நிற டக்ட் டேப். ஜெயித்தாலும் அந்தக் கை பழையபடி பாஸ் கிட்டார் வாசிக்குமா என்பதே எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. காயம் அடுத்த காட்சியில் ஆறிவிடாத படம் இது.

அப்புறம் அந்த நாய். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாய் காட்டுக்குள்ளிருந்து வருகிறது. இருவரும் உறைந்து நிற்கிறார்கள். அது இவர்களைத் தாண்டிப் போய், செத்துக் கிடக்கும் தன் எஜமானன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. அந்த ஆள் அதைக் கொலை செய்யப் பழக்கியவன், ஆனாலும் அதற்கு அவன்தான். இதைத் தேவையில்லாத சென்டிமென்ட் என்று ஒரு நண்பர் சொன்னார். படத்தில் யாரும் யாருக்கும் அழ நேரம் கிடைக்கவில்லை, முதல் முதலாக அழ நேரம் கிடைப்பது அந்த நாய்க்குத்தான் என்று அவருக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

யெல்சின் படம் வெளியான இரண்டு மாதத்தில், 2016 ஜூன் 19 அன்று, தன் வீட்டு வாசலில் தன் காரே உருண்டு வந்து நசுக்கி இறந்துபோனார். வயது 27. பேட் பயந்து பயந்து பேசும் காட்சிகளை இப்போது பார்க்கும்போது இந்த விஷயம் இடையில் வந்து நிற்பதைத் தவிர்க்க முடியவில்லை.

கீபோர்டு அண்ணன் அடுத்து என்ன பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறார். சோல்னியரின் 2013 படம் 'ப்ளூ ருயின்' சொன்னேன். இதில் கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் கேப் என்ற ஆளாக வந்து கடைசியில் கையைத் தூக்கிச் சரணடையும் மேக்கன் ப்ளேர்தான் அதில் நாயகன், பழிவாங்கக் கிளம்பி அதைச் சரியாகச் செய்யத் தெரியாத ஒருவன். வரும் சனிக்கிழமை பார்க்கிறோம்.