மணற்காட்டில் தாழாத கதிரை

கதிரை தாழவில்லை! யாழ்ப்பாணத்து மணற்காட்டுத் திட்டியில், சோளகக் காற்று அடிக்கிற பின்னேரத்தில், நல்ல பாரமான சித்தப்பா அதில் இருந்து சாப்பிட்டு, தேத்தண்ணியும் குடித்து எழும்பினார். நாலு காலும் வைத்த இடத்திலேயே நின்றன. "தம்பி, இது இப்ப தாழேல்லையடா" என்று அவரே குனிந்து பார்த்துச் சொன்னார். இந்த வசனத்தைக் கேட்கத்தான் இவ்வளவு பாடும்.

பையில் சுருட்டுகிற அலுமினியக் கதிரை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான், மணலில் கால் தாழ்கிற தொல்லை. என்னுடையதில் கால் நுனி 22 மில்லிமீற்றர். ஆள் 80 கிலோ என்றால் காலுக்கு 20 கிலோ. நுனியின் பரப்போ 4 சதுர சென்ரிமீற்றர்கூட இல்லை. அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு 5 கிலோவுக்கு மேல். புல்தரை தாங்கும். மணற்காட்டில் கிடப்பது காற்றுப் புடைத்துப்போட்ட மாவு. பின்கால் இரண்டும் முதலில் போகும், ஆள் மல்லாந்துவிடுவார். இதைக் 'கடற்கரைக் கதிரை' என்று படம் போட்டு விற்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. படத்தில் இருப்பது அலை அடித்து இறுகின ஈரமண்!

காலில் டென்னிஸ் பந்து செருகுவது மணலுக்குப் போதாது. ஒட்டுப்பலகைத் துண்டு தாங்கும், சரிவில் வழுக்கும். கடைசியில் வந்து நின்றது 110 மில்லிமீற்றர் பிவிசி குழாய் மூடியில். விட்டம் 5 மடங்கு, ஆகவே பரப்பு 25 மடங்கு. அழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 0.2 கிலோ அளவுக்கு இறங்கிவிடும்.

மூடியை எந்தப் பக்கமாக வைப்பது என்பதில்தான் விசயம் இருக்கிறது. வாய்ப்பக்கம் கீழே இருக்கவேண்டும். விளிம்பு மணலை வெட்டி இறங்கும், உள்ளே மணல் அடைபடும். அடைபட்ட மணலுக்குப் பக்கவாட்டில் ஓட வழியில்லை, இறுகி நிற்கும். கடலுக்குள் காற்றாலை நடுகிறவர்கள் வாளியைக் கவிழ்த்த வடிவில் அத்திவாரம் இறக்குவதும் இந்தக் கணக்கில்தான். மூடியின் மேலே சின்னத் துளை ஒன்று போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஈரமண்ணில் கவ்விப் பிடிக்கும். கதிரையைத் தூக்கினால் கால் மட்டும் கழன்று வரும்.

அடுத்தது பொருத்து. இந்தக் கதிரைகளின் கால் நேராக நிற்பதில்லை, வெளியே விரிந்து நிற்கும். ஆள் இருந்தால் இன்னும் கொஞ்சம் விரியும். மூடியோடு காலை இறுக்கிப் பூட்டினால் மூடியும் சேர்ந்து சரிந்து, பாரமெல்லாம் ஒரு விளிம்பில் போய்விடும். 25 மடங்கு பரப்பும் வீண். ஆகவே பொருத்து வளையவேண்டும். பழைய சைக்கிள் ரியூப்பில் நாலு விரல் நீளம் வெட்டி, ஒரு நுனியை நாலாகக் கீறி, பூ மாதிரி விரித்து, அகல வாசர் வைத்து மூடியில் போல்ட் போட்டேன். கால் அந்த றப்பர் குழாய்க்குள் இறங்கி மூடியின் மேல் நிற்கும். விரிந்தால் றப்பர் வளையும், மூடி மட்டமாகவே இருக்கும். போல்ட் துருப்பிடிக்காத ஸ்டீல். அது பிளாஸ்ரிக்கில் இருந்தால் பிரச்சினை இல்லை. நேரே அலுமினியத்தில் பூட்டினால் உப்புக்காற்றுக்கு அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி தள்ளும்.

மூடி குழாய்ச் சாமான் விற்கிற எந்தக் கடையிலும் உண்டு. ரியூப்பை சைக்கிள் திருத்துகிறவர் சும்மாவே தந்தார். இருக்கைத் துணி கிழிந்தால் ஓட்டோவுக்குக் குசன் அடிக்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். அந்த ஊசியும் நூலும்தான் ஆள் பாரத்தைத் தாங்கும். கதிரைச் சட்டத்தின் குழாய்ப் பொருத்துகளுக்குக் கிறீஸ் மட்டும் வேண்டாம், மணல் ஒட்டி அரைத்துவிடும். கிணற்றுத் தண்ணியில் கழுவி, காய்ந்தபின் மெழுகுதிரி தேய்த்தால் போதும்.

மேசை இன்னும் முடியவில்லை. சோளகத்தில் மணல் பறப்பது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான். கதிரை தணிவாக இருப்பது நல்லது, காற்றுக்குக் கவிழாது. மேசை தணிந்தால் சோற்றில் மண். உயர்த்தினால் காற்றுத் தூக்குகிறது. உரபாக்கில் மணல் அள்ளி மேசைக்கு நடுவே கீழே தொங்கவிட்டால் நிற்கும். போகும்போது கொட்டிவிடலாம், சுமையும் இல்லை. ஆனால் என் சுருள் மேசையின் குறுக்குச்சட்டம் மெல்லியது, கொளுக்கி போட்டால் வளைகிறது. பனஞ்சலாகை ஒன்று குறுக்கே கட்டிப் பார்க்கவேண்டும்.

அதற்குள் மனம் நெடுந்தீவுக்குப் போய்விட்டது. குறிகாட்டுவானில் படகேறவேண்டும், ஆகவே சாமான் குறையவேண்டும். அங்கே முருகைக்கல் நிலம். மதிலே அந்தக் கல்லில்தான் கட்டியிருக்கிறார்கள். கதிரை தாழாது, ஆடும். மேடுபள்ளத்தில் ஆடாமல் நிற்பது மூன்று கால் முக்காலிதான். ஓடாவி ஒருவரிடம் வேம்பில் மூன்று கம்பு கடையச் சொல்லியிருக்கிறேன். மூன்றும் கூடுகிற இடத்தில் இரண்டு கம்புக்கு நீளப் போல்ட் ஒன்று, மூன்றாவதுக்குத் தலையில் வளையமாகக் கண் வைத்த போல்ட். அந்தக் கண் போல்ட்தான் கிடைக்கவில்லை. கேட்ட கடைகளில் 8 மில்லிமீற்றர்தான் இருக்கிறது, எனக்கு வேண்டியது 6. யாழ்ப்பாணத்தில் எங்கேயாவது கண்டால் சொல்லுங்கள்.