இரண்டு துறை, ஒரு விசா

கேம்பிரிட்ஜுக்கு இயற்பியல் ஆராய்ச்சியாளனாக வந்தேன். இப்போது இருப்பது இறையியல் துறையில். இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்களின் ஐக்கியக் கூட்டத்தில் இதைச் சொன்னால், "ஊழியத்துக்கு வந்துட்டீங்களா பிரதர்!" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பழைய ஆய்வகத்தில் சொன்னால் பேச்சு வானிலைக்குத் தாவிவிடுகிறது. இங்கே விசுவாசமும் சம்பளம் மாதிரிதான். யாரும் கேட்கவும் மாட்டார்கள், நாமாகச் சொல்லவும் கூடாது.

இத்தனைக்கும் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வகமான கேவண்டிஷின் பழைய கட்டடத்து மரக்கதவில் பைபிளின் சங்கீதம் 111 இருக்கிறது. கர்த்தரின் செய்கைகள் பெரியவை, அவற்றில் பிரியப்படுகிறவர்கள் அவற்றை ஆராய்கிறார்கள் என்ற வசனத்தை லத்தீனில் செதுக்கியிருக்கிறார்கள். 1874இல் திறந்த கட்டடம் அது. முதல் பேராசிரியர் மாக்ஸ்வெல் பக்திமான். 1970களில் ஆய்வகம் ஊரின் மேற்குப் பக்கம் போனபோது, புது வாசலிலும் அதே வசனம், ஆங்கிலத்தில்.

துறை மாறியவர்களும் இந்த ஊருக்குப் புதிதல்ல. கணித இயற்பியல் பேராசிரியர் ஜான் போல்கிங்ஹார்ன் 1979இல் பதவியை விட்டுவிட்டுக் குருத்துவப் படிப்புக்குப் போனார். 1982இல் ஆங்கிலிக்கன் குருவானார், பிற்பாடு குவீன்ஸ் கல்லூரியின் தலைவர். என்னிடம் எல்லாரும் அவர் கதையைத்தான் சொல்கிறார்கள். சரி, ஆனால் அவருக்கு விசா கவலை இல்லையே! என்னுடையது வேலையோடு கட்டிப்போட்ட விசா. வேலை போனால் பொதுவாக 60 நாள் அவகாசம். இந்தத் துறையிலோ நிரந்தர இடங்கள் மிகக் குறைவு. ஆய்வுப் பணத்தில் கணிசமான பங்கு அறிவியலையும் சமயத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகளுக்குப் பணம் தரும் ஜான் டெம்பிள்டன் அறக்கட்டளையிலிருந்து வருவதால், "ஓ, அந்தக் காசா?" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு.

பழக நாளானது கருத்தரங்குக்குத்தான். இயற்பியலில் திரையில் வரைபடம் ஓடும்போதே ஒருவர் குறுக்கிட்டு, "அந்த அச்சில் என்ன அலகு?" என்பார். இறையியலில் ஒருவர் உட்கார்ந்து, கையிலிருக்கும் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கிறார். யாரும் வாய் திறப்பதில்லை. முடிந்ததும் கேள்வி என்ற பேரில் இன்னொரு குட்டிக் கட்டுரை வரும். ஆரம்பத்தில் எனக்குத் தூக்கம்தான் வந்தது. அப்புறம் பிடிபட்டது: இவர்களுக்கு வாக்கியம்தான் தரவு. வாதம் எந்த இடத்தில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தது என்று அரைமணி நேரம் விடாமல் தோண்டுவார்கள்.

ஐக்கியத்தில் வரும் கேள்வி வேறு, பைபிளின் படைப்புக் கதையைப் பற்றியது. "பெருவெடிப்பு ஆதியாகமத்தை நிரூபிக்குதுதானே பிரதர்?" அதற்கு நான் லெமெத்ரைத் துணைக்கு அழைப்பேன். பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு. 1923–24இல் இதே ஊரில் வானியலாளர் எடிங்டனிடம் படித்தவர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதியவர்; பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வழி போட்டது அதுதான். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்த அறிவியலையே படைப்புக்குச் சாட்சியாக எடுத்துப் பேசியபோது, லெமெத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. நாளைக்குக் கோட்பாடு மாறினால் விசுவாசத்தையும் மாற்றிக்கொள்வதா?

இதைக் கேட்டுச் சிலருக்கு ஏமாற்றம். ஓர் அங்கிள் நேராகவே, "அப்போ நீங்க என்னதான் செய்றீங்க தம்பி?" என்றார்.

"இயற்கை விதிகள் நடப்பதை விவரிக்க மட்டும் செய்கின்றனவா, இல்லை இப்படித்தான் நடக்கணும் என்று கட்டிப்போடுகின்றனவா என்று பார்க்கிறேன். கட்டிப்போட்டால் ஜெபத்துக்கு எங்கே இடம்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "இதுக்கா சம்பளம் தர்றாங்க?"

"ஒப்பந்தம் முடியுற வரைக்கும், அங்கிள்."