சந்தை வீடியோவை ரீல்ஸுக்கு நிமிர்த்த

அந்தியூர் குதிரைச் சந்தையில் படுக்கைவாக்கில் எடுத்த வீடியோவை நெட்டுவாக்கில் நிமிர்த்த, எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில் ஆளைத் தொடர்ந்து தானே வெட்டும் ஆட்டோ ரீஃப்ரேம் போதுமுங்க. இன்னொரு எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் இதே வேலையைச் செய்யும் ஸ்மார்ட் ரீஃப்ரேம் வேணும்னா காசு கட்டி ஸ்டுடியோ பதிப்பு வாங்கோணும்.

கோளாறு பிக்சல் கணக்கில்தான். 1920×1080 படத்தில் ரீல்ஸுக்கான 9:16 நெட்டுவாக்கு அளவில் வெட்டினால் அகலம் சுமார் 608 பிக்சல். அதை ரீல்ஸ் அகலமான 1080க்கு இழுத்தால் பிடரிமயிர் பஞ்சாகக் குழைஞ்சிரும். 4கே-யில் எடுத்தால் 1215 கிடைக்கும்.

குதிரை ஓட, பிடித்தவர் நிற்க, ஏஐ யாரைத் தொடர்வதெனத் தடுமாறி ஃப்ரேமை அலைக்கழிக்கும். ஆட்டோ ரீஃப்ரேம் அமைப்பில் குதிரை ஓட்டத்துக்கு ஃபாஸ்டர் மோஷன், பேரம் பேசும் காட்சிக்கு ஸ்லோயர் மோஷன் வைங்க. அப்படியும் ஆடினால் ஃப்ரேமின் இடத்தைக் குறிக்கும் கீஃப்ரேமைக் கையால் நகர்த்துங்க. திரையில் வரும் எழுத்தைக் கடைசியில் போடுங்க, இல்லாட்டி ஓரம் வெட்டுப்படும்.

பேச்சை எழுத்தாக்கும் ஏஐ கருவியான விஸ்பர் தமிழ் சப்டைட்டில் தரும், ஆனா பிழையும் வரும். "ஏனுங்", "வந்தாங்காட்டி" மாதிரி வட்டாரப் பேச்சு வரும் இடங்களை முக்கியமாகக் காது கொடுத்துத் திருத்துங்க.