புது எஸ்எஸ்டியை எந்த ஸ்லாட்டில் போடுவது? கழற்றி மாட்டிப் பார்த்த அனுபவம்

சனிக்கிழமை காலை 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (பிசிஐஇ என்ற பாதையில் ஓடும் வேகமான ஸ்டோரேஜ் டிரைவ்) கைக்கு வந்தது. ஜென் 4 வகை, அதாவது அந்தப் பாதையின் நாலாம் தலைமுறை (பிசிஐஇ 4.0), விநாடிக்கு 7000 எம்பி வரை படிக்கும் என்று பெட்டி மேலேயே அச்சிட்டிருந்தார்கள். என்னிடம் இருப்பது ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 சிப்செட் (ப்ராசஸரோடு மற்ற பாகங்களை இணைக்கும் சிப்) மதர்போர்டு. ஏற்கெனவே 500 ஜிபி ஜென் 3 எஸ்எஸ்டி ஒன்று மேல் எம்.2 ஸ்லாட்டில் (மெல்லிய எஸ்எஸ்டியைப் போர்டிலேயே செருகும் இடம்), அதாவது ப்ராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் இருக்கிறது, விண்டோஸ் அதில்தான். போர்டின் கீழ்ப்பகுதியில் இன்னொரு எம்.2 ஸ்லாட் இரண்டு வருடமாகக் காலி. காலியாக இருப்பதில் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்து, கிராஃபிக்ஸ் கார்டைக்கூடக் கழற்றாமல் பத்தே நிமிடத்தில் மாட்டிவிட்டேன்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் புது டிரைவ் வந்தது, ஃபார்மேட்டும் ஆனது. ஆனால் என் 4 டிபி ஹார்டு டிஸ்க்கைக் காணோம். எட்டு வருடக் குடும்பப் படங்களும் வீடியோக்களும் அதில்தான் இருக்கின்றன, வயிற்றைக் கலக்கிவிட்டது. கை பட்டு கேபிள் தளர்ந்திருக்கும் என்று இரண்டு முனையையும் பிடுங்கி அழுத்திச் செருகினேன், பவர் கேபிளை மாற்றிப் பார்த்தேன், டிஸ்க் சுற்றுவது விரலை வைத்தால் தெரிகிறது, ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) சாட்டா 5 என்ற இடத்துக்கு, அதாவது ஹார்டு டிஸ்க் கேபிளைச் செருகியிருந்த போர்ட்டுக்கு, நேரே ஒன்றும் இல்லை. சாட்டா 6இல் இருந்த டிவிடி டிரைவும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போக வாய்ப்பில்லை என்று தோன்றிய பிறகுதான் மேனுவலை எடுத்தேன்.

சாட்டா போர்ட்களின் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரே வரி: இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் இருந்தால் சாட்டா 5, 6 வேலை செய்யாது. அவ்வளவுதான். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை, அதற்குப் போகிற வழியைப் புது எஸ்எஸ்டி எடுத்துக்கொண்டது. கேபிள்களை 1, 2க்கு மாற்றியதும் படங்கள் எல்லாம் அப்படியே வந்துவிட்டன. ஆறு சாட்டா போர்ட்டிலும் டிஸ்க் வைத்திருப்பவராக இருந்தால் இந்த வழி கிடையாது, இரண்டை இழந்துதான் ஆக வேண்டும்.

சரி, வேகம் எப்படி என்று கிறிஸ்டல் டிஸ்க்மார்க் என்ற வேகம் அளக்கும் மென்பொருளை ஓட்டினேன். படிக்கும் வேகம் 3500ஐத் தாண்டவில்லை. 7000 என்று வாங்கியதில் சரியாகப் பாதி. டிரைவின் விவரங்களைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தால் டிரான்ஸ்ஃபர் மோடு என்ற இடத்தில் இடப்பக்கம் பிசிஐஇ 3.0 எக்ஸ்4, வலப்பக்கம் பிசிஐஇ 4.0 எக்ஸ்4 என்று இருந்தது. இடப்பக்கம் இருப்பது இப்போது ஓடுகிற வேகம், வலப்பக்கம் இருப்பது டிரைவால் முடிந்த வேகம். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் பெரும்பாலும் ஸ்லாட் அல்லது ப்ராசஸர் பக்கம்தான் பார்க்க வேண்டும், டிரைவின் மேல் குறை சொல்லக் கூடாது.

இதற்குக் காரணம் பி550இன் அமைப்பு. ரைசன் ப்ராசஸரில் இருந்தே கிராஃபிக்ஸ் கார்டுக்கு 16 லேன் (பிசிஐஇ பாதையின் தனித்தனித் தடங்கள்), மேல் எம்.2 ஸ்லாட்டுக்கு 4 லேன் நேராக வருகின்றன, இவை ஜென் 4. இன்னொரு 4 லேன் சிப்செட்டுக்குப் போகிறது, அது ஜென் 3. என் போர்டில் கீழ் எம்.2 ஸ்லாட், சாட்டா போர்ட்கள், நெட்வொர்க், யுஎஸ்பியில் ஒரு பகுதி எல்லாம் அந்தச் சிப்செட்டின் கீழே இருப்பவை, எல்லாரும் அந்த ஒரே பாதை வழியாகத்தான் ப்ராசஸரை அடைய வேண்டும். ஜென் 3இல் ஒரு லேனுக்கு விநாடிக்கு ஏறக்குறைய 985 எம்பி, நாலும் சேர்ந்தால் 3.9 ஜிபி, நடைமுறையில் 3500 கிடைத்தாலே நல்லது. ஜென் 4இல் அது இரட்டிப்பு. பார்வைக்கு இரண்டு ஸ்லாட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், அளவு ஒன்று, வெட்டு ஒன்று, ஸ்க்ரூவும் ஒன்று. எது யாரோடு இணைந்திருக்கிறது என்பதை மேனுவலில் உள்ள அட்டவணை மட்டும்தான் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் இடம் மாற்றினேன். பழையது ஜென் 3 என்பதால் அது கீழே போனாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இந்த முறை கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றாமல் முடியவில்லை, மேல் ஸ்லாட்டின் ஹீட்சிங்க் (எஸ்எஸ்டியின் சூட்டை இழுக்கும் உலோக மூடி) ஸ்க்ரூ கார்டுக்கு அடியில் மறைந்திருந்தது. கார்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கிக்கு விரல் போகாது, மர ஸ்கேலின் முனையை விட்டு மெதுவாக அழுத்தினால் டிக்கென்று விடும். ஸ்க்ரூட்ரைவரை மட்டும் அங்கே விடாதீர்கள், வழுக்கினால் போர்டு கீறிவிடும்.

ஹீட்சிங்கைத் தூக்கியதும் ஒன்றைப் பார்த்தேன். எஸ்எஸ்டியின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேடின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய நீலத் தாள் உரிக்கப்படாமலே இருந்தது. கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்தவர்கள் அப்படியே மூடியிருக்கிறார்கள். இரண்டு கோடையை அந்தத் தாளோடுதான் அந்த எஸ்எஸ்டி கடந்திருக்கிறது. பெரிய ஃபைல்களை நகர்த்தும்போது 70 டிகிரிக்குப் போகிறதே, வெயில்காலம் என்பதால் இருக்கும் என்று இருந்துவிட்டேன். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தேன். உங்கள் போர்டிலும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள், உண்மையாகவே சொல்கிறேன்.

புதியதைச் சுமார் 30 டிகிரி சாய்வில் செருகி, தங்க நிற முனை முழுதாக உள்ளே போனதைப் பார்த்துவிட்டுப் படுக்க வைத்து ஸ்க்ரூ போட்டேன். அந்த ஸ்க்ரூ அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, காந்த முனை ஸ்க்ரூட்ரைவர் இருந்தால் நல்லது. ஒருமுறை கீழே விழுந்து, கைபேசி டார்ச் அடித்து எடுக்க ஐந்து நிமிடம் ஆனது.

விண்டோஸ் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் பழைய டிரைவில் இருந்தே துவங்கியது, பயாஸில் எதையும் தொடவில்லை. படிக்கும் வேகம் 6900. டிஸ்க்இன்ஃபோவில் இரண்டு பக்கமும் 4.0 எக்ஸ்4. வெப்பம் அதிகபட்சம் 61.

இப்போது வேகத்தைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் துவங்கும் நேரம் மாறவில்லை, மாறவும் வழியில்லை, விண்டோஸ் இருப்பது பழைய டிரைவில். பழையதில் இருந்து புதியதுக்கு 80 ஜிபி வீடியோவை நகர்த்தியதிலும் சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வித்தியாசம் இல்லை, படித்துக் கொடுப்பது ஜென் 3 டிரைவ், அதன் வேகத்தில்தான் எல்லாம் நடக்கும். எடிட்டிங் டைம்லைனிலும் எனக்கு எதுவும் தெரியவில்லை. அன்றாட வேலைக்குக் கீழ் ஸ்லாட்டிலேயே விட்டிருந்தாலும் குடி முழுகிப் போயிருக்காது. ஆனாலும் ஜென் 4க்குக் காசு கொடுத்துவிட்டு ஜென் 3 பாதையில் ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

வாங்கப்போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். ரைசன் 5 5600ஜி, பெயரில் ஒரு எழுத்துதான் கூட, ஆனால் அதில் பிசிஐஇ 3.0 மட்டுமே, அதே பி550 போர்டின் மேல் ஸ்லாட்டில் போட்டாலும் ஜென் 4 வேகம் வராது. அப்புறம், சாட்டா வகை எம்.2 எஸ்எஸ்டி என்று ஒன்று உண்டு, முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் அது இந்த வகை, விநாடிக்கு 550 எம்பிதான். சில எம்.2 ஸ்லாட்கள் அதை ஏற்காது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நண்பன், அவனுடைய புது எஸ்எஸ்டியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை, திருப்பி அனுப்பப் போகிறேன் என்றான். அவனுடையது பி560 போர்டு, ஐ5 10400 ப்ராசஸர். இன்டெலின் 10ஆம் தலைமுறையில் எஸ்எஸ்டிக்கென்று தனியாக 4 லேன் கிடையாது, அது 11ஆம் தலைமுறையில்தான் வந்தது, அதனால் அந்தப் போர்டின் மேல் ஸ்லாட் அவன் ப்ராசஸரோடு வேலையே செய்யாது. நேற்று சாயங்காலம் போய்க் கீழ் ஸ்லாட்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். உடனே வந்துவிட்டது.