தம்பி மலையில் இருக்கும் நாட்கள்

ஏப்ரல் 3

விடியற்காலை நாலரைக்கு ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தேன். ஆதம்பாக்கத்திலிருந்து அந்த நேரத்தில் கால் மணிகூட ஆகவில்லை. என் இறகு அடைத்த ஜாக்கெட், என் ஹெட்லாம்ப், என் கையுறை, மடக்குக் கோல் இரண்டு, எல்லாம் அவன் பையில் போகின்றன. எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடப்பது போன வருஷம் சேர்ந்து போட்ட திட்டம்.

கிளம்பும்போது அம்மா டிராயரிலிருந்து ஆக்சிமீட்டரை எடுத்து வந்தாள். பேட்டரி மூடி நிற்காது என்று அப்போது வெள்ளைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தேன். அது பழுத்துப்போய், ஓரமெல்லாம் தூசி அப்பியிருக்கிறது. இத்தனை வருஷம் அதை யாரும் தொடவில்லை. புது பேட்டரி போட்டதும் சிவப்பு வெளிச்சம் வந்தது. தம்பி விரலை வைத்தான். ஆக்சிஜன் 98. மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை.

ஏப்ரல் 4

காட்மாண்டு. சீசன் நெரிசலால் லுக்லா விமானம் அங்கிருந்து கிடையாதாம். ராமேச்சாப் வரை ராத்திரியோடு ராத்திரியாக வேனில் போக வேண்டும். மலைச்சாலை. தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 5

"இறங்கிட்டேன்கா." இந்த ஒரு வார்த்தைக்காக ஐந்து மணியிலிருந்து போனைக் கையில் வைத்திருந்தேன். லுக்லா ஓடுதளம் மொத்தமே 527 மீட்டர். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, மறுபக்கம் மலைச்சுவர், நடுவில் ஏற்றமாகப் போகும் சின்னத் துண்டு. எங்கள் மொட்டை மாடிக்கு மேலே தாழ்ந்து போகும் விமானங்களுக்கு மீனம்பாக்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடுதளம் இருக்கிறது.

முதல் ராத்திரி பாக்திங், 2,610 மீட்டர். லுக்லாவைவிடக் கீழே. 94.

ஏப்ரல் 6

நாம்சே. 3,440. 89. அம்மாவிடம் 95 என்று சொன்னேன்.

ஏப்ரல் 7

நாம்சேயில் இன்று ஓய்வு நாள். ஓய்வு என்றால் படுத்திருப்பது இல்லை. பகலில் இன்னும் கொஞ்சம் உயரம் ஏறிப் பார்த்துவிட்டு, தூங்குவதற்குக் கீழே வந்துவிட வேண்டும். உடம்பு அப்படித்தான் பழகும். மூன்றாயிரம் மீட்டருக்கு மேல் போய்விட்டால், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு ராத்திரி. இதையெல்லாம் அவனுக்கு நான்தான் அட்டவணை போட்டுக் கொடுத்தேன்.

89 அங்கே சாதாரணம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை, அழுத்தம்தான் குறைகிறது. பேஸ் கேம்ப் போனால் மூச்சுக்குக் கிடைப்பது இங்கே கிடைப்பதில் பாதி. அதனால் எண் இறங்கத்தான் செய்யும். எனக்கு இது மனப்பாடம். அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. 2021-இல் இந்த ஊரில் எந்த வீட்டிலும் 94 என்பதுதான் கோடு. கோட்டுக்கு மேலே வீடு, கீழே ஆம்புலன்ஸ். அந்தக் கோட்டை அம்மா மனசிலிருந்து யார் அழிப்பது?

பிசியோ: என் முட்டி 125 டிகிரி மடங்குகிறது. ஜனவரியில் 40.

ஏப்ரல் 8

டெங்போச்சே. மடாலயத்து வாசலிலிருந்து அமா தப்லம் சிகரத்தின் படம் அனுப்பினான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகையாக வந்தது, பொறாமை இல்லை. அந்தக் குளிரில் மூச்சு இழுக்கும்போது மூக்குக்குள் சுருக்கென்று இருக்குமே, அதற்காக.

ஏப்ரல் 9

டிங்போச்சே. 4,410. 84.

அந்த எண்ணை அந்தச் சின்னத் திரையில் நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 10

பிசியோ அனுமதித்துவிட்டார். படி ஏறலாம், கைப்பிடியை விடக் கூடாது, இறங்குவது மட்டும் ஆட்டோவில். ஏற்றம் நுரையீரலுக்கு, இறக்கம் முட்டிக்கு என்பார்கள். புதிதாக வைத்துத் தைத்த தசைநாருக்கு இறக்கம் இன்னும் கூடாது.

பரங்கிமலைப் படிகள். ஆர்மீனிய வியாபாரி உஸ்கான் கட்டிக்கொடுத்தவை. நூற்று முப்பதுக்கும் மேல் இருக்கும். ஆரோக்கியமாக இருந்தபோது பத்துக் கிலோ அரிசியை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு ஐந்து முறை ஏறி இறங்குவோம், நானும் தம்பியும். அப்பா கீழே வண்டியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். இன்று ஒரே முறை, இருபத்திரண்டு நிமிஷம். இடது காலை வைத்து எடை ஏற்றும் ஒவ்வொரு முறையும் தொடை நடுங்கியது. ஆனால் தாங்கியது.

மேலே லாம்டன் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். 1802-இல் இதே ஏப்ரல் 10, அவர் இந்த மலைக்குக் கீழேதான் சங்கிலி போட்டு நிலத்தை அளக்க ஆரம்பித்தார். பெரும்பாக்கம் பக்கமாக, சுமார் 12 கிலோமீட்டருக்கு ஒரே நேர்க்கோடு. சித்திரை வெயிலில் எஃகுச் சங்கிலி நீளும் என்று அதன் சூட்டையும் கணக்கில் சேர்த்தார்களாம். அந்தக் கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே வடக்கே போய், ஐம்பது வருஷம் கழித்து ராதாநாத் சிக்தர் கணக்குப் போட்டு, உலகத்திலேயே உயரமான சிகரம் இதுதான் என்று சொன்னார். தம்பி இப்போது எதைப் பார்க்க நடந்துகொண்டிருக்கிறானோ அதை அளக்கும் வேலை நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து தொடங்கியது. இதை அவனுக்கு வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். ஒரே ஒரு டிக்தான் விழுந்தது.

ஏப்ரல் 11

லொபுசே. 4,940. சாயங்காலம் ஏழு மணிக்குப் பேசினான். குரலே சரியில்லை. தலைவலி, ஒருமுறை வாந்தி, பூண்டு சூப்பைக்கூடக் குடிக்க முடியவில்லை. 74.

கைடிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். தரைப் பலகையின் கோட்டின் மேல் அவனை நடக்க வையுங்கள், குதிகாலும் விரலும் ஒட்டி ஒட்டி, பத்து அடி என்றேன். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம், ராத்திரியே இறக்க வேண்டும். பலகை கிறீச்சிடுவது எனக்குக் கேட்டது. எண்ணினேன். ஒன்று, இரண்டு, ஆறில் ஒரு நிறுத்தம், மூச்சே நின்றுபோனது. பத்து. "நேரா நடக்கிறார், தீதி" என்றார்.

மேலே ஓர் அடிகூட வேண்டாம், விடிந்ததும் கீழே இறக்குங்கள், தலைவலி கூடினால் விடியும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்றேன். சரி என்றார். இணைப்பு போய்விட்டது.

ஏப்ரல் 12

காலை ஆறு. இல்லை.

எட்டரை. இல்லை.

பதினொன்று. இறங்கிக்கொண்டிருப்பான். வழியில் சிக்னல் கிடையாது, குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். என் போனே ஒருமுறை அப்படி அணைந்திருக்கிறது. இதெல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அட்டவணை போட்டவள் நான். டிங்போச்சேயிலிருந்து லொபுசே ஒரே நாளில் 530 மீட்டர். நடுவில் துக்லாவில் ஒரு ராத்திரி நிறுத்தியிருக்கலாம். விடுமுறை பதினான்கு நாள்தான் என்று அந்த ஒரு நாளைக் குறைத்தது என் கை. பென்சிலால் அடித்த கோடு நோட்டில் இன்னும் இருக்கிறது.

மத்தியானம் அம்மா சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீக்குப் பிறகு ரெண்டு வருஷம் எங்களை எந்த மலைக்கும் விடாதவள் இவள். அப்பாதான் பேசிப் பேசி மனசை மாற்றினார். இன்று திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நீ சொல்ற நம்பர் எல்லாம் பொய்னு தெரியும்டி. அப்பவும் இப்படித்தான் சொன்னே. 92, 93னு. நானும் கேட்டுக்கிட்டேன்."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மோர் ஊற்றினாள்.

இரவு ஒன்பது. இல்லை.

ஏப்ரல் 13

பெரிச்சே. 4,371. 86. தலைவலி பாதியாகிவிட்டது.

நேற்று மத்தியானமே இறங்கிவிட்டார்களாம், போனில்தான் உயிர் இல்லை. அங்கே மலையேறிகளுக்கென்று சீசனில் திறக்கும் கிளினிக் இருக்கிறது. டாக்டர் பார்த்து டயமாக்ஸ், உயரத்துக்கு உடம்பு பழக உதவும் மாத்திரை, கொடுத்திருக்கிறார். ராத்திரி கஞ்சி மாதிரி ஏதோ குடித்தானாம். சத்தம் போட்டு அழுதுவிட்டேன். பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அம்மாவிடம் 86 என்றே சொன்னேன். தலையாட்டினாள்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம். வீடியோவில் தம்பிக்கு இலையைக் காட்டினோம். உதடு வெடித்திருக்கிறது, மூக்குத் தோல் உரிந்திருக்கிறது, சிரிக்கிறான். பின்னால் அடுப்பில் யாக் சாணி வரட்டி எரிகிறது. வாடை எப்படி இருக்கும் என்று அம்மா கேட்டாள். "நம்ம வரட்டி மாதிரிதான்மா, கொஞ்சம் காரமா இருக்கும்" என்றான். அப்பா படத்துக்கு மாலை போட்டுவிட்டு வந்து, திரும்பவும் அவனிடம் சளி இருக்கிறதா என்று கேட்டாள். மூன்று முறை கேட்டாள்.

முட்டி கொஞ்சம் வீங்கியிருக்கிறது. ஐஸ்.

ஏப்ரல் 15

ஆறரைக்கு மெசேஜ்.

"ரெண்டு ராத்திரி நல்லா தூங்கினேன்கா. தலைவலி சுத்தமா இல்ல. 88. டாக்டர் போகலாம்னுட்டாங்க, மாத்திரை தொடரணுமாம். துக்லாவுல ஒரு நாள் தங்கி, அப்புறம் லொபுசே. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுக்கலாம். போகட்டுமா? நீ திரும்புன்னா திரும்பிடறேன்."

நாலு தடவை படித்தேன். விதிப்படி தவறில்லை. அறிகுறி முழுக்க நின்ற பிறகு மெதுவாகத் திரும்ப ஏறலாம். நானாக இருந்தால் இந்நேரம் பூட்ஸ் கட்டியிருப்பேன்.

பதில் போடவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வருகிறாள்.